பிரிக்காத கட்டு

பழைய சீட்டுக்கட்டு சேர்ப்பவர்களிடையே எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. பிரிக்காத கட்டைப் பிரிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்ப்பார்கள். பெட்டியின் மூடியை ஒட்டிய வரி ஸ்டாம்ப் கிழியாமல் இருக்கிறதா, மேலே சுற்றிய உறை அப்படியே இருக்கிறதா, இவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. இரண்டும் சரியாக இருந்தால் அந்தக் கட்டுக்கு மதிப்பு எங்கோ போய்விடும். உள்ளே இருக்கும் சீட்டுகள் எப்படி இருக்கும், ஒட்டிக் கிடக்குமா, வளைந்திருக்குமா, முதலில் எல்லாச் சீட்டும் இருக்குமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வழியில்லை, பிரித்தால்தானே தெரியும்.

இந்தச் சட்டம் கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. காரணம், என்னிடமே அப்படி ஒரு கட்டு இருந்தது. அமெரிக்காவில் அச்சான பைசைக்கிள் கட்டு. சைக்கிளில் குட்டி தேவதை உட்கார்ந்திருக்கும் அந்த முதுகுப் படம் சீட்டு ஆடாதவர்களுக்கும் தெரிந்திருக்கும். மூடியின் மேல் வரி ஸ்டாம்ப், அதில் ‘ஒரு கட்டு’ என்று மட்டும் அச்சு. எத்தனை சென்ட் என்று போடவில்லை. அமெரிக்காவில் சீட்டு ஸ்டாம்பில் தொகையை எடுத்துவிட்டு இப்படிப் போட ஆரம்பித்தது 1940-இல். சீட்டு வரியே ஒழிந்தது 1965-இல். ஆக என் கட்டு அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எப்போதோ கடைக்கு வந்தது. அதற்கு மேல் பெட்டி வாயைத் திறக்காது. ஆண்டு வேண்டுமென்றால் ஸ்பேடு ஏஸைப் பார்க்க வேண்டும். ஸ்பேடு ஏஸ் உள்ளே இருக்கிறது.

ஒரு பொருளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பும் முதல் விஷயம், அதைத் தெரிந்துகொண்ட கணத்தில் அந்தப் பொருளின் மதிப்பைக் கெடுத்துவிடும் என்றால், நான் சேர்ப்பது எதை? கட்டையா, ஸ்டாம்பையா? இது எனக்கு நெடுநாளாகப் பிடிபடவில்லை. இப்போதும் முழுசாகப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

ஏன் அந்த ஒரு சீட்டு

ஐம்பத்திரண்டு சீட்டில் ஸ்பேடு ஏஸுக்கு மட்டும் இத்தனை அலங்காரம் எதற்கு என்று ஆடுகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். சேர்ப்பவர்களுக்கோ அதுதான் பிறப்புச் சான்றிதழ். அந்தப் பெருமையைக் கொடுத்தது அரசாங்கத்தின் வரி ஆசை. இங்கிலாந்தில் 1711-இல் வந்த சட்டம் கட்டுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளம் வேண்டுமல்லவா, அதற்குக் கட்டில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1765-இலிருந்து ஸ்பேடு ஏஸை அச்சிடும் உரிமையையே முத்திரை அலுவலகம் எடுத்துக்கொண்டது. சீட்டு தயாரிப்பவர் மற்ற ஐம்பத்தொன்றையும் தன் பட்டறையில் அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த ஒன்றை மட்டும் அரசாங்கத்திடம் வாங்கிச் சேர்க்க வேண்டும். கள்ள ஏஸ் அச்சிட்டால் தூக்கு. மிரட்டலுக்காக எழுதி வைத்த தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள், ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் இதற்காகவே தூக்கில் போட்டார்கள். ஒரு சீட்டுக்காக ஓர் உயிர்.

நமக்கு இதில் லாபம் என்னவென்றால், வரி மாறும்போதெல்லாம் ஏஸும் மாறியது. 1828-இல் ஒரு ஷில்லிங் வரிக்கென்று சுருள் சுருளாகக் கோடு போட்ட ஏஸ் வந்தது. ‘ஓல்டு ஃப்ரிஸில்’ என்று சேர்ப்பவர்கள் செல்லமாகச் சொல்வது அதைத்தான். 1862-இல் வரியை மூன்று பென்ஸாகக் குறைத்து, அடையாளத்தை ஏஸிலிருந்து மேலுறைக்கு மாற்றினார்கள். ஓல்டு ஃப்ரிஸில் இருக்கும் கட்டு கையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு 1828-க்கும் 1862-க்கும் நடுவே என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் அவரவர் ஏஸை அவரவரே அச்சிட்டார்கள். ஆனால் அலங்காரப் பழக்கம் விடவில்லை. அரசாங்கம் விட்டுப்போன இடத்தில் கம்பெனிப் பெயர் உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தில் அந்த வரி 1960 வரை இழுத்தது.

அமெரிக்காவில் கதை வேறு விதம். அங்கே ஏஸுக்கு வரி இல்லை, பெட்டிக்கு மேல் ஸ்டாம்ப். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-இல் தொடங்கி 1883-இல் நிறுத்தினார்கள். திரும்ப 1894-இல் கட்டுக்கு 2 சென்ட். 1917-இல் 7, 1919-இல் 8, 1924-இல் 10. புது ஸ்டாம்ப் அச்சாகி வரும்வரை பழைய 2 சென்ட் ஸ்டாம்பின் மேலேயே 7 சென்ட் என்று மறு அச்சு போட்டு ஒட்டியதும் உண்டு. அது கிடைத்தால் 1917-ஐ ஒட்டிய காலம் என்று துணிந்து சொல்லலாம். 1883-க்கும் 1894-க்கும் நடுவே வந்த கட்டுகளில் ஸ்டாம்பே இருக்காது. இல்லாமல் இருப்பதும் ஒரு சாட்சிதான். ஆனால் அவசரப்பட முடியாது. கட்டைப் பிரித்த பின் கிழிந்து விழுந்த ஸ்டாம்பும் இல்லாத ஸ்டாம்பும் பார்வைக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டாம்ப் சொல்வது கட்டு வரி கட்டிய காலத்தை. சீட்டு அச்சான காலம் அதற்கு முந்தியதாக இருக்கலாம். 1894-இல் திடீரென்று வரி திரும்பி வந்தபோது ஏற்கெனவே சரக்கறையில் கிடந்த கட்டுகளுக்கென்று, ‘கையிருப்பு’ என்று அச்சிட்டே தனி ஸ்டாம்ப் கொடுத்தார்கள். ஒட்டியது 1894, உள்ளே இருக்கும் சீட்டு அதற்கும் முந்தியது. இந்த மாதிரி சின்னச் சின்ன அலுவலகத் தகவல்களில் எனக்கு இருக்கும் ருசியைச் சொல்லி மாளாது. வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் எழுந்து போவார்கள்.

இனி அந்த ஏஸ் எழுத்துக்கு வருகிறேன். பைசைக்கிள் கட்டை அச்சிடும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஸ்பேடு ஏஸில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு போட்டு வந்தது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் சில எண்கள். எழுத்து ஆண்டுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் மொத்தமே இருபத்தாறு எழுத்துதான், அதிலும் சிலவற்றை விட்டுவிட்டார்கள். ஆக சுமார் இருபது ஆண்டுக்கு ஒரு முறை அதே எழுத்து திரும்ப வரும். எழுத்து மட்டும் தெரிந்தால் ஆண்டு தெரியாது. இருபது இருபது ஆண்டு இடைவெளியில் நாலைந்து ஆண்டுகள் வரிசையாக நிற்கும். அதில் எது என்று ஸ்டாம்ப் சொல்ல வேண்டும். ஸ்டாம்ப் மட்டும் தெரிந்தாலும் ஆண்டு தெரியாது, எழுத்து சொல்ல வேண்டும். ஒன்று வெளியே ஒட்டியிருக்கிறது, மற்றது உள்ளே பூட்டியிருக்கிறது. ஒன்றைக் கிழிக்காமல் மற்றதைப் பார்க்க முடியாது. வேண்டுமென்றே ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்த குசும்பு மாதிரி இருக்கிறது.

கடைசியாக வந்ததே காலம் சொல்லும்

காலம் கணிப்பதில் எல்லோருக்கும் ஒரு சபலம் உண்டு. கையில் இருப்பது எவ்வளவு பழசாக இருக்க முடியுமோ அவ்வளவு பழசு என்று நம்பத் தோன்றும். ஏஸில் ‘808’ என்று பார்த்துவிட்டு 1808 என்று குதிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 808 என்பது பைசைக்கிள் வகையின் சரக்கு எண், அவ்வளவுதான். பைசைக்கிள் என்ற பெயரே 1885-இல்தான் வந்தது. பெட்டியில் காப்புரிமை ஆண்டு போட்டிருந்தால் அதையே பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். காப்புரிமை ஒரு முறை வாங்குவது. அந்த வரியைக் கம்பெனி பிடித்த மட்டும் அச்சிட்டுக்கொண்டிருக்கும். சைக்கிள் தேவதை முதுகு 1887-இல் வந்து இன்றும் கடையில் கிடைக்கிறது. முதுகுப் படம் பழசு என்பதால் கட்டு பழசாகிவிடாது.

ஆகவே விதி இது: கட்டில் தெரியும் அடையாளங்களிலேயே கடைசியாகப் புழக்கத்துக்கு வந்தது எதுவோ, அதற்கு முன்னால் அந்தக் கட்டு பிறந்திருக்க முடியாது. மற்றவை எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி. ஜோக்கர் இருக்கிறதா, 1860-களுக்குப் பிந்தியது. யூக்கர் என்ற ஆட்டத்துக்காக அமெரிக்காவில் சேர்த்த சீட்டு அது. மூலையில் எண்ணும் சின்னமும் இருக்கிறதா, பெரும்பாலும் 1870-களோ அதற்குப் பின்போ. அதுவரை கையில் இருக்கும் சீட்டை முழுசாக விரித்தால்தான் என்ன சீட்டென்று தெரியும். மூலை எண் வந்ததும் கொஞ்சமாய் நெருக்கிப் பிடித்தாலே போதும் என்றாகிவிட்டது. முனை மழுங்கியிருக்கிறதா, அதுவும் ஏறத்தாழ அதே காலம். முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன கெம் சீட்டா, 1935-க்கு முன்னால் வாய்ப்பில்லை. பெட்டி விலாசத்தில் ஜிப் எண், அதாவது அமெரிக்காவின் ஐந்திலக்க அஞ்சல் எண், இருந்தால் 1963-க்குப் பிறகு. பார்கோடு இருந்தால் 1970-களின் நடுவிலிருந்துதான் எண்ண வேண்டும், வேறு எதையும் பார்க்க வேண்டாம், எடுத்து வைத்துவிட்டு விளையாடப் போகலாம்.

இந்த விதியில் ஒரு கசப்பு இருக்கிறது. இவை எல்லாமே ஒருவழிப் பாதை. ஜோக்கர் இருந்தால் பிந்தியது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் முந்தியது என்று சொல்ல முடியாது, தொலைந்திருக்கலாம். ஜிப் எண் இல்லாத பெட்டி 1950-ஆகவும் இருக்கலாம், விலாசமே போடாத 1970-ஆகவும் இருக்கலாம். பழசு என்பதை நேரடியாக நிரூபிக்கும் சாட்சி மிகக் குறைவு. புதுசு என்பதை நிரூபிக்க ஆயிரம் இருக்கிறது. அதனால் கூர்ந்து பார்க்கப் பார்க்க கட்டு இளமையாகிக்கொண்டே வரும். எத்தனையோ கட்டுகள் என் மேசையில் இப்படி இளமையாகியிருக்கின்றன. பிரிக்காத கட்டுக்கு இந்த ஆபத்து இல்லை. யாரும் அதை உள்ளே பார்க்கவில்லை, அதனால் அதன் வயது குறைய வழியில்லை. பிரிக்கக் கூடாது என்ற சட்டத்துக்குப் பின்னால் இந்த நிம்மதியும் ஒளிந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஆடாததால் பிழைத்தவை

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளோய்ஸ்டர்ஸ் பிரிவில் ஒரு கட்டு இருக்கிறது. 1475-80 வாக்கில் தெற்கு நெதர்லாந்துப் பகுதியில் கையால் வரைந்தது. முட்டை வடிவச் சீட்டுகள். ஸ்பேடு, ஹார்ட்டின் எல்லாம் கிடையாது. வேட்டைக் கொம்பு, நாய்க் கழுத்துப்பட்டை, நாய்க் கயிறு, சுருக்குக் கண்ணி என்று நான்கு இனம். ஐம்பத்திரண்டும் அப்படியே இருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் வண்ணம் தீட்டிய சாதாரணக் கட்டுகளில் முழுசாக நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். ஏன் முழுசாக இருக்கிறது என்று பார்த்தால், அதை வைத்து யாரும் அதிகம் ஆடவில்லை. அதில் தேய்மானமே கிட்டத்தட்ட இல்லை.

ஆடிய கட்டு பிழைப்பதில்லை. ஒரு சீட்டு தொலைந்த அன்றே கட்டுக்கு ஆயுள் முடிந்தது. மிச்சம் ஐம்பத்தொன்றையும் என்ன செய்வது? பழைய காலத்துச் சீட்டுக்கு முதுகில் படம் கிடையாது, வெறும் வெள்ளை. நல்ல தடித்த அட்டை. சும்மா விடுவார்களா. அழைப்பு எழுதினார்கள், கடன் சீட்டு எழுதினார்கள். வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் 1685-இல் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு வந்து சேராததால், சீட்டுகளின் மேல் தொகை எழுதிக் கையெழுத்திட்டு அதையே பணமாகப் புழங்கவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி அரசாங்கம் பறிமுதல் செய்த நூலகங்களுக்கு அட்டவணை தயாரிக்க 1791-இல் ஆணை போட்டபோது, நூல் விவரங்களைச் சீட்டுகளின் முதுகில் எழுதச் சொன்னது. இப்படிக் கையால் தேதி எழுதிய ஒற்றைச் சீட்டு கிடைத்தால் காலம் கணிப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தத் தேதிக்கு முன்னால் அச்சானது என்று அடித்துச் சொல்லலாம். நான் மேலே சொன்ன ஒருவழிப் பாதைக்கு எதிர்த் திசையில் போகும் அபூர்வமான சாட்சி அது. அழுக்காக்கிய, எழுதிக் கெடுத்த, கட்டை இழந்த சீட்டு தன் காலத்தைச் சொல்கிறது. பத்திரமாக வைத்தது வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எதிர்க்கட்சி வாதமும் லேசானதல்ல. கிளோய்ஸ்டர்ஸ் கட்டை யாரும் ஆடாமல் வைத்திருந்ததால்தானே இன்று நாம் பார்க்கிறோம்? ஒரு முறை கிழித்த ஸ்டாம்பை ஒட்ட முடியாது. இன்றைக்கு எனக்கு இருக்கும் ஆர்வத்துக்காக, நாளைக்கு வேறு வழி கண்டுபிடிக்கப்போகிறவனிடமிருந்து ஒரு சாட்சியை நான் பறிக்கலாமா? பெட்டியைப் பிரிக்காமலே ஏஸைப் படிக்கும் கருவி ஒன்று வராது என்று யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லாமல்தான் என் கட்டு அலமாரியிலேயே கிடந்தது.

பெரியவர் பிளேடு கேட்ட நாள்

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்தத் துறையில் எனக்கு முன்னால் வந்தவர், பெயர் போட வேண்டாம் என்பார். அவரிடமும் என்னுடையதைப் போலவே ஒரு கட்டு, அதே வகை, அதே ‘ஒரு கட்டு’ ஸ்டாம்ப். ஒரு மாலை பேசிக்கொண்டிருக்கும்போது அதை எடுத்து மேசையில் வைத்தார். வழக்கம்போலப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அந்த டிராயர்ல பிளேடு இருக்கும், எடுப்பா.”

“எதுக்குங்க?”

“ஆடுறதுக்கு. இருக்கிற கட்டுல கிளாவர் ஏழு காணாமப் போச்சு.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் பட்டது. அவர் பிளேடை மூடி விளிம்பில் வைத்து ஸ்டாம்பை நேர்கோட்டில் வெட்டிவிட்டார். கை நடுங்கவில்லை. என் வயிறுதான் கலங்கியது. “ஐயா, அது பிரிக்காத கட்டாச்சே” என்றேன், என்னவோ அவருக்குத் தெரியாத மாதிரி. அவர் சீட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டே ஒன்று சொன்னார். எனக்கு எல்லாம் திரும்பிப்போன இடம் அதுதான்.

“நீ ஏஸ் எழுத்து அட்டவணை வச்சிருக்கியே, எந்த எழுத்து எந்த வருஷம்னு. எந்த முதுகுக்கு எந்த ஜோக்கர் வரும், எந்த ஏஸ் வரும்னு எழுதி வச்சிருக்கியே. அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? எவனோ பிரிச்சுப் பார்த்தான்ல?”

இவ்வளவு எளிய விஷயம் எனக்கு அதுவரை தோன்றவில்லை. பிரிக்காத கட்டைப் பற்றி நாம் நம்பிக்கையோடு சொல்லும் ஒவ்வொன்றும் பிரித்த கட்டுகள் கொடுத்த அறிவு. பெட்டியில் இந்த எழுத்து வடிவம் இருந்தால் உள்ளே இந்த ஜோக்கர் இருக்கும் என்று எப்படித் தெரியும்? அதே பெட்டியை வேறொருவர் பிரித்தார், பார்த்தார், எழுதி வைத்தார். எல்லாக் கட்டுகளும் பிரிக்காமலே பிழைத்திருந்தால் நம் அலமாரிகளில் இருப்பது சீட்டுக்கட்டு என்பதற்கே பெட்டியின் மேல் அச்சிட்ட வாக்கைத் தவிர ஆதாரம் இருக்காது. தேய்ந்து, நெளிந்து, விரல் எண்ணெய் படிந்து, மலிவாகக் கைமாறும் அந்தக் கட்டுகளின் உழைப்பில்தான் பிரிக்காத கட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. வரவேற்பறையில் நாம் உட்கார வைப்பதோ உழைக்காததை.

அவர் ஸ்பேடு ஏஸை எடுத்து விளக்கின் கீழே பிடித்தார். பூதக்கண்ணாடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அட்டவணையைப் புரட்டினோம். ஆண்டு கிடைக்கவில்லை.

கிடைக்காது என்பதை நாங்கள் முன்பே கணக்குப் போட்டிருக்கலாம். ‘ஒரு கட்டு’ ஸ்டாம்ப் ஓடியது 1940-இலிருந்து 1965 வரை, இருபத்தைந்து ஆண்டு. எழுத்து திரும்பி வருவதோ சுமார் இருபது ஆண்டுக்கு ஒரு முறை. ஆக நடு ஆண்டுகளில் அச்சான கட்டென்றால் எழுத்தும் ஸ்டாம்பும் சேர்ந்து ஒரே ஆண்டைக் காட்டிவிடும். இரண்டு ஓரத்திலும் மட்டும் இடிக்கும். நாற்பதுகளின் தொடக்கத்தில் வந்த எழுத்து அறுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி வரும், இரண்டுக்கும் மேலே ஒட்டியிருப்பது அதே ஸ்டாம்ப். பெரியவரின் எழுத்து ஓரத்தில் விழுந்தது. ஸ்டாம்பை வெட்டியாயிற்று, ஏஸைப் பார்த்தாயிற்று, இரண்டாம் உலகப் போர்க் காலமா அதற்கு இருபது ஆண்டு கழித்தா என்பது தெரியவில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே, “சரி, வெட்டு” என்றார்.

ஊதா விளக்கு

ஆடி முடித்துவிட்டு வேலையில் இறங்கினோம். பெட்டியில் ஜிப் எண் இல்லை, அது எதையும் நிரூபிக்காது. அடுத்தது புற ஊதா விளக்கு. காகிதத்தை வெளேரென்று காட்டச் சேர்க்கும் ஒளிர் ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. இருட்டறையில் ஊதா விளக்கடியில் வைத்தால் அந்தக் காகிதம் நீலவெள்ளையாக ஜொலிக்கும். ஜொலித்தால் நாற்பதுகளின் தொடக்கம் அடிபட்டுப்போகும். போலிப் பழங்கட்டுகளைப் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. நூறு வயது என்று சொல்லிக்கொண்டு வரும் எத்தனையோ கட்டுகள் அந்த விளக்கடியில் சலவைச் சட்டையாக மின்னியிருக்கின்றன. பெரியவரின் சீட்டு மங்கலாகவே கிடந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது, எனக்கு மலரவில்லை. மறுபடி அதே ஒருவழிப் பாதை. மின்னினால் பிந்தியது, மின்னாவிட்டால் எதுவும் சொல்வதற்கில்லை, எல்லாக் காகிதத்திலும் அந்த ரசாயனத்தைச் சேர்க்கவில்லையே.

“உன்னோடதைப் பிரிச்சா ஒரு வேளை தெரியும்” என்றார். அவர் என்னை வற்புறுத்தவில்லை. ஒரு கட்டை வைத்துக்கொண்டு அதன் காலத்தை அதிலிருந்தே கறக்க முடியாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்பதைத்தான் சொன்னார். என் ஏஸ் நடு ஆண்டில் விழுந்தால் அதன் ஆண்டு உறுதி. அப்போது இரண்டின் ஜோக்கரையும் முதுகையும் பெட்டி எழுத்தையும் ஒப்பிடலாம். என் கட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பிரிப்பதா வேண்டாமா என்று நான் இவ்வளவு காலம் அல்லாடிக்கொண்டிருந்தேன். அவருடைய கட்டுக்கு சாட்சி சொல்வதற்காக என் கட்டைப் பிரிப்பது என்று ஆனதும் தயக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியோடுதான் பிளேடை எடுத்தேன்.

சீட்டுகள் ஒட்டியிருக்கவில்லை. அந்தப் பயம் எனக்கு நிறைய இருந்தது. விளிம்பில் பொன் பூசி ‘காங்கிரஸ்’ என்ற பெயரில் விற்ற கட்டுகள் செங்கல்லாக இறுகிக் கிடந்து, பிரிக்கப் பிரிக்க விளிம்பு உரிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். இது சாதாரணக் கட்டு, விசிறியாக விரிந்தது. எழுத்து ஐம்பதுகளின் நடுவில் விழுந்தது, குழப்பமில்லாத ஒற்றை ஆண்டு. காகிதம் இதுவும் ஊதா விளக்கில் மின்னவில்லை. ஐம்பதுகளிலும் மின்னாத காகிதம் இருக்கிறது என்று ஆகிவிட்டதால் பெரியவர் விளக்கை நம்பிக் கட்டிய கோட்டை அங்கேயே சரிந்தது. அவர் அதை அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ஏஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கம்பெனிப் பெயரின் எழுத்து தடிமனில் வித்தியாசம் இருந்தது. ஜோக்கரின் கோடுகள் ஒன்றில் கூர்மை, ஒன்றில் கொஞ்சம் பருமன். தேவதையின் சிறகில் கோடுகள் ஒரே மாதிரி இல்லை. இரண்டும் ஒரே தகட்டில் அச்சானவை அல்ல என்பது நிச்சயம். ஆனால் என் கட்டுக்கு முந்திய தகடா, பிந்திய தகடா? வித்தியாசம் இருக்கிறது என்பது தெரிகிறது, எந்தத் திசையில் என்பது தெரியவில்லை. அதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

மூன்றாவது கட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பழைய சிநேகிதர், பிரிக்காத கட்டுகளை மட்டுமே சேர்ப்பவர், இதே வகையில் நாலைந்து வைத்திருப்பவர். ஒன்றே ஒன்றைப் பிரித்தால் போதும், ஏஸை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டோம். அவர் அதிர்ந்துபோனார். அப்படியெல்லாம் செய்கிற ஆள் நானில்லை என்றார். எங்கள் இருவருக்கும் கொஞ்சம் புத்தி சொன்னார், பெரியவருக்குச் சற்று அதிகமாகவே. எல்லாம் முடிந்து போனை வைக்கப்போகும் நேரத்தில், “அது சரி, உங்க ரெண்டு பேரோட பெட்டியையும் ஏஸையும் ஒண்ணா வச்சு நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து அனுப்புங்க. என்னோடது எந்த வருஷம்னு ஒத்துப் பார்க்கணும்” என்றார். அனுப்பி வைத்தோம்.